டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜில் கணக்கு: பிளேஸ்மென்ட் தேர்விலிருந்து முதல் மாதம் வரை, வரிசைப்படி

டெக்சஸில் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறக்கூடிய காலேஜ்) சேர வருகிறவர்கள், அதிலும் பல வருடம் கழித்துப் படிக்க வருகிறவர்கள், கணக்கு விஷயத்தைப் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். விண்ணப்பம் போட்ட கையோடு தேர்வு மையத்துக்குப் போய் பிளேஸ்மென்ட் தேர்வை (எந்த நிலைக் கணக்கில் சேரலாம் என்று பார்க்கும் தேர்வு, வேலைக்கானது இல்லை) எழுதிவிட்டு, மதிப்பெண் தாளைப் பிடித்துக்கொண்டு "இப்ப நான் எந்தக் கணக்கு எடுக்கணும்?" என்று கேட்கிறார்கள். எச்-4 விசாவில், அதாவது இங்கே வேலை பார்ப்பவரின் துணைக்குக் கிடைக்கும் விசாவில் வந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஊரில் பி.காம் முடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் போய் உட்கார்ந்தேன். அப்புறம் வேலை அனுமதி கிடைத்ததும் டாலஸ் பக்கம் ஒரு காலேஜின் கணித உதவி மையத்தில் டியூட்டரானேன். அந்த மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கணக்கு பிரச்சினையே இல்லை, செய்த வரிசைதான் பிரச்சினை.

இங்கே சொல்வது டெக்சஸ் மாநில விதிகளை வைத்து. கலிஃபோர்னியாவில் 2019 இலையுதிர் செமஸ்டரிலிருந்து பள்ளி மதிப்பெண்ணை வைத்துத்தான் கணக்குப் பாடத்தில் சேர்க்கிறார்கள், பழைய மாதிரி பிளேஸ்மென்ட் தேர்வு கிடையாது. வேறு மாநிலங்களில் ஆக்யூப்ளேசர், அலெக்ஸ் என்று தேர்வின் பெயர் மாறும். பெயர் மாறினாலும் கீழே உள்ள வரிசையைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றலாம்.

1. தேர்வை மறந்துவிட்டு, உங்களுக்கு எந்தக் கணக்கு வேண்டும் என்று பாருங்கள்

கணக்கு என்றால் அல்ஜீப்ரா என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே பட்டத்துக்கான கணக்கு ஒன்றல்ல, நான்கைந்து பாதைகள் உண்டு. டெக்சஸ் அரசுக் காலேஜ்களில் பாட எண்கள் பொதுவானவை என்பதால் எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும், எந்த ஊர்க் காலேஜாக இருந்தாலும் புரியும்.

மேத் 1314 என்பது காலேஜ் அல்ஜீப்ரா. இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயன்ஸ் போகிறவர்கள் இதிலிருந்து 2412 பிரீகால்குலஸ், 2413 கால்குலஸ் என்று ஏற வேண்டும். மேத் 1324 வணிகம் படிப்பவர்களுக்கு. மேத் 1342 புள்ளியியல், நர்சிங், சைக்காலஜி பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். மேத் 1332 அன்றாட வாழ்க்கைக் கணக்கு மாதிரி, வரலாறு, மொழி, கலை படிப்பவர்களுக்கு. எண்ணில் இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடை அளவு) என்பதைச் சொல்லும். எண் பூஜ்யத்தில் தொடங்கினால், 0314, 0342 என்பது போல, அது டெவலப்மென்டல் பாடம், அதாவது அடிப்படையைச் சரிசெய்யும் பாடம். அதற்குப் பணம் கட்ட வேண்டும், நேரம் செலவழிக்க வேண்டும், ஆனால் பட்டத்துக்கு அது கணக்கில் சேராது.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? தேர்வில் நீங்கள் தகுதி மதிப்பெண் எல்லையைத் தொடாவிட்டால் ஒரு உதவி வகுப்பைச் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள், அந்த உதவி வகுப்பு பாதைக்குப் பாதை வேறு. புள்ளியியலோடு வரும் உதவி வகுப்பில் விகிதம், சதவீதம், வரைபடம் படிப்பது. அல்ஜீப்ராவோடு வருவதில் காரணிப்படுத்துதல், பின்னக் கோவைகள். நர்சிங் படிக்க வந்த ஒரு பெண்மணி "கணக்குன்னா அல்ஜீப்ராதானே" என்று 1314-இல் சேர்ந்து இரண்டு முறை பாதியில் விட்டார். அவருடைய படிப்புக்கு அது தேவையே இல்லை என்பதை மூன்றாவது செமஸ்டரில்தான் யாரோ சொன்னார்கள். மறுபக்கம், "1332 ஈஸியாம்" என்று நண்பர் சொன்னதைக் கேட்டு எடுத்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாறினால், அந்த 1332 உங்களைக் கால்குலஸ் பக்கம் ஒரு அடிகூட நகர்த்தாது.

செய்ய வேண்டியது: நீங்கள் பிறகு மாறிப் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பட்டத் திட்டத்தை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்து, அதில் கணக்குக்கு எந்த எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். காலேஜின் திட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, கடைசியில் கிரெடிட்டை ஏற்றுக்கொள்ளப்போவது பல்கலைக்கழகம். எந்தப் படிப்பு என்றே இன்னும் முடிவாகவில்லை என்றால், அதைக் காலேஜின் அட்வைசரிடம் (பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டுபவர்) வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், ஒப்புக்கு ஒரு மேஜரை (முதன்மைப் பாடத்தை) எழுதிக் கொடுக்காதீர்கள்.

2. தேர்வு எழுதத்தான் வேண்டுமா என்று கேளுங்கள்

டெக்சஸில் பிளேஸ்மென்ட் தேர்வுக்கு டி.எஸ்.ஐ.ஏ.2 என்று பெயர், 2021 ஜனவரியில் வந்த வடிவம். எல்லோரும் டி.எஸ்.ஐ. என்றே சொல்வார்கள். இதிலிருந்து விலக்கு பெறும் வழிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் நீங்கள் கேட்காமல் யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

காலேஜ் நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் கணக்கில் 530 இருந்து, எழுதி ஐந்து வருடம் ஆகாமல் இருந்தால் கணக்குக்கு விலக்கு. ஏ.சி.டி. என்ற இன்னொரு நுழைவுத் தேர்வுக்கும் டெக்சஸ் பள்ளிகளின் ஸ்டார் அல்ஜீப்ரா 2 தேர்வுக்கும் இதே மாதிரி எல்லைகள் உண்டு. பள்ளிக் கடைசி வருடத்தில் காலேஜ் பிரெப் (காலேஜுக்குத் தயார்படுத்தும்) கணக்கு வகுப்பை எடுத்துப் பாஸ் செய்தவர்களுக்கு, அந்தப் பள்ளியோடு ஒப்பந்தம் உள்ள காலேஜில் விலக்கு கிடைக்கும். மூன்று வருடமாவது ராணுவப் பணியில் இருப்பவர்கள், அதிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டு வந்தவர்கள், 42 கிரெடிட்டுக்கு மேல் போகாத முதல்நிலைச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்பவர்கள் ஆகியோருக்கும் உண்டு. வேறு மாநிலக் காலேஜில் பட்டத்துக்கான கணக்கு ஒன்றை ஏற்கெனவே பாஸ் செய்திருந்தால் டிரான்ஸ்கிரிப்டைக் (அந்தக் காலேஜ் தரும் மதிப்பெண் பட்டியலை) காட்டினால் போதும்.

நம் ஊரில் பட்டம் வாங்கி வந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் பி.காமில் பிசினஸ் மேத்ஸும் புள்ளியியலும் இருந்தன. மதிப்பெண் பட்டியல்களை இங்கே உள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து, பாடவாரியான அறிக்கை வாங்கிச் சமர்ப்பித்திருந்தால் தேர்வே தேவைப்பட்டிருக்காது என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள், பட்டம் மட்டும் போதுமா, பாடங்கள் தனித்தனியாக வேண்டுமா என்பதைக் காலேஜின் அட்மிஷன் பிரிவில் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். பாடவாரி அறிக்கைக்குச் செலவும் அதிகம், வர வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் இது இரண்டாவது படி, செமஸ்டர் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே செய்யுங்கள்.

3. தேர்வுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

காலேஜ் விண்ணப்பம் முடிந்து மாணவர் எண் வந்திருக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் தேர்வு மையத்தில் பதிவு செய்ய முடியாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. படத்தோடு கூடிய அடையாள அட்டை வேண்டும், அதில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், லைசென்ஸில் வேறு மாதிரி வந்திருக்கும், விண்ணப்பத்தில் இனிஷியலை மட்டும் போட்டிருப்பார்கள். மதிப்பெண் ஒரு பெயரில், மாணவர் கணக்கு இன்னொரு பெயரில் என்று ஆகிவிட்டால் இரண்டையும் சேர்க்க ஒரு வாரம் அலைய வேண்டும்.

அப்புறம், பி.ஏ.ஏ. என்று ஒன்று இருக்கிறது. தேர்வுக்கு முன் கட்டாயம் முடிக்க வேண்டிய ஆன்லைன் அறிமுகம், அதை முடிக்காமல் தேர்வு எழுத விட மாட்டார்கள். பலரும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். அதில் மாதிரிக் கேள்விகளும், எல்லையைத் தொடாவிட்டால் அந்தக் காலேஜில் என்னென்ன வழி உண்டு என்பதும் இருக்கும். உண்மையிலேயே படித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.

மறுதேர்வுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எவ்வளவு கட்டணம் என்பதையும் இப்போதே தேர்வு மையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது காலேஜுக்குக் காலேஜ் மாறும்.

4. மூன்று வாரம் படியுங்கள், ஆனால் சரியானதைப் படியுங்கள்

கால்குலஸ் படித்தவர்கள் இந்தத் தேர்வில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், பத்தாம் வகுப்போடு நின்றவர் எல்லையைத் தாண்டுவதையும் பார்த்திருக்கிறேன். தேர்வு கேட்பது எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை உள்ள விஷயங்கள்தான், கேட்கும் விதம்தான் வேறு. நான்கு பகுதிகள்: விகிதம், சதவீதம் போன்ற அளவுக் கணக்கு, அல்ஜீப்ரா, வடிவங்களும் அளவைகளும், நிகழ்தகவும் புள்ளியியலும். முதல் சுற்றில் வரும் சுமார் 20 கேள்விகளில் அல்ஜீப்ராவுக்கும் அளவுக் கணக்குக்கும்தான் அதிகப் பங்கு, வடிவியலுக்குக் குறைவு. அதே விகிதத்தில் உங்கள் நேரத்தையும் பிரியுங்கள்.

எந்த மாதிரித் தப்புகள் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். இந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 − 2(எக்ஸ் − 3) = 11. ஒரு கூட்டம் 5-இலிருந்து 2-ஐக் கழித்து 3(எக்ஸ் − 3) = 11 என்று எழுதும். இன்னொரு கூட்டம் அடைப்புக்குறியைச் சரியாகவே நீக்கும், ஆனால் கழித்தல் குறியை இரண்டாவது உறுப்பு வரை கொண்டு போகாது, 5 − 2எக்ஸ் − 6 = 11 என்று எழுதி எக்ஸ் = −6 என்று முடிக்கும். சரியாகச் செய்தால் 5 − 2எக்ஸ் + 6 = 11, அதாவது 11 − 2எக்ஸ் = 11, எக்ஸ் = 0. இதில் வேடிக்கை, சரியாகச் செய்தவர்களிலும் சிலர் விடை பூஜ்யம் என்று வந்ததும் பயந்துபோய் மாற்றி எழுதுவார்கள். தப்பான விடை என்னென்ன வரும் என்பது கேள்வி எழுதுகிறவர்களுக்கும் தெரியும், நாலு விடைகளில் −6 கண்டிப்பாக உட்கார்ந்திருக்கும். உங்கள் விடை அங்கே இருக்கிறது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது, திரும்பவும் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். பத்து விநாடி வேலை.

−3²-க்கும் (−3)²-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். முதலாவது −9, இரண்டாவது 9. ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கு வராது என்பதும் தெரிய வேண்டும்: 100 ஏறி 120, அதில் 20 சதவீதம் 24, மிச்சம் 96. இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் தேர்வே இப்படிப்பட்ட சின்ன விஷயங்களால் ஆனது.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கு இரண்டு தனிப் பள்ளங்கள். ஒன்று, அமெரிக்க அளவைகளும் சில்லறையும். "நிக்கல், டைம் நாணயங்கள் மொத்தம் 18, மதிப்பு 1 டாலர் 30 சென்ட், டைம் எத்தனை?" என்றொரு கேள்வியைப் பயிற்சியில் கொடுத்தேன். இன்ஜினியரிங் முடித்த ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்கு தெரியாமல் இல்லை, டைம் என்றால் 10 சென்ட், நிக்கல் என்றால் 5 சென்ட் என்பது அவருக்குத் தெரியவில்லை, வந்த நாளிலிருந்து கார்டுதான் தேய்க்கிறார். விடை 8 டைம், 10 நிக்கல். அதே போல 12 அடிக்கு 15 அடி அறைக்கு எத்தனை சதுர கஜம் கார்ப்பெட் என்று கேட்டால், 180 சதுர அடியை 3-ஆல் வகுத்து 60 என்பார்கள். ஒரு கஜம் 3 அடி, ஆனால் ஒரு சதுர கஜம் 9 சதுர அடி, விடை 20. இன்ச், அடி, கஜம், அவுன்ஸ், பவுண்டு, குவார்ட், கேலன், இவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது பள்ளம், பாக்ஸ் பிளாட். என் காலத்தில் நம் ஊர்ப் பள்ளியில் இதைப் பார்த்த ஞாபகமே இல்லை, இங்கே சின்ன வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் மீசை. நடுக்கோடு இடைநிலை, பெட்டிக்குள் நடுப்பாதித் தரவு, ஒவ்வொரு மீசையிலும் கால்வாசி. மீசை நீளமாக இருந்தால் அதில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நீளமென்றால் அந்தக் கால்வாசிப் பேர் தள்ளித் தள்ளி இருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

சராசரியைத் தலைகீழாகவும் கேட்பார்கள். நாலு தேர்வில் சராசரி 78, ஐந்தாவதில் எவ்வளவு எடுத்தால் 80 ஆகும்? மொத்தமாக யோசியுங்கள்: ஐந்துக்கு 400 வேண்டும், கையில் 312 இருக்கிறது, விடை 88. சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பயிற்சிக்கு, இந்தத் தேர்வைத் தயாரிக்கும் காலேஜ் போர்டின் இலவச மாதிரித் தேர்வே போதும். முதல் நாள் ஒன்று எழுதி, தப்பானவற்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள், அந்த நோட்டுத்தான் உங்கள் பாடத்திட்டம். முந்நூறு வீடியோ பார்ப்பதைவிட அது மேல். வீடியோவில் ஆசிரியர் போடும்போது எல்லாம் புரிகிற மாதிரித்தான் இருக்கும்.

5. தேர்வு நாளில்

நேர வரம்பு கிடையாது. ஆனால் நம் பழக்கம், மணி அடிக்கப் போகிறது என்ற பதற்றத்திலேயே எழுதுவது. நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து பெருமையாகச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை. தேர்வு மையம் மூடும் நேரம் ஒன்று மட்டும்தான் எல்லை, அதனால் காலையில் போங்கள்.

ஒரு கேள்விக்கு விடை கொடுத்து நகர்ந்துவிட்டால் திரும்பி வர முடியாது. அடுத்த கேள்வி உங்கள் விடையைப் பொறுத்து வரும், சரியாகச் செய்தால் கடினமாகும். கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் அந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு தட்டத் தொடங்குகிறார்கள்.

சொந்தக் கால்குலேட்டர் கொண்டு போக முடியாது. சில கேள்விகளில் மட்டும் திரையில் கால்குலேட்டர் சின்னம் வரும். வராத கேள்வியைக் கையாலேயே போட முடியும் என்று அர்த்தம். பின்னக் கூட்டல், நீள வகுத்தல் கைக்குப் பழகியிருக்க வேண்டும். வெற்றுத் தாள் கொடுப்பார்கள், தாராளமாகக் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். மனக்கணக்குத் திறமையைக் காட்ட இது இடமில்லை.

6. மதிப்பெண் தாளைப் படிப்பது

கணக்கு மதிப்பெண் 910-க்கும் 990-க்கும் நடுவில் வரும். 950 அல்லது அதற்கு மேல் என்றால் பட்டக் கணக்குக்குத் தயார், வேலை முடிந்தது.

950-க்குக் கீழே போனால் தேர்வு முடியாது, அப்படியே டயக்னாஸ்டிக் என்ற இரண்டாவது பகுதிக்குப் போகும், 48 கேள்விகள். இந்த இடத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "சரி, ஃபெயில், இனி என்ன" என்று அந்த 48 கேள்விகளையும் பத்து நிமிடத்தில் தட்டிவிட்டு வருவார்கள். ஆனால் டயக்னாஸ்டிக்கில் நிலை 1 முதல் 6 வரை உண்டு, அதில் 6 வந்தால் முதல் சுற்றில் 950 எடுக்காதவரும் தயார் என்றே கணக்கு. இது இரண்டாவது வாய்ப்பு என்று யாரும் திரையில் பெரிதாக எழுதிக் காட்டுவதில்லை. களைப்பாக இருந்தால் இடைவேளை கிடைக்குமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

6 வராவிட்டாலும் அந்தப் பகுதி வீண் இல்லை. நான்கு பகுதிகளில் எதில் பலவீனம் என்று தனித்தனியாகக் காட்டும். அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள், அடுத்த இரண்டு படிகளுக்கும் அதுதான் ஆதாரம். மதிப்பெண் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

7. மறுபடி எழுதுவதா, உதவி வகுப்போடு சேர்வதா?

என் கருத்து இது, அட்வைசர் வேறு சொல்லலாம். 945-ஐ ஒட்டி இருந்து, படிக்காமல் போய் எழுதியவர் என்றால், இரண்டு வாரம் படித்து ஒரு முறை மறுபடி எழுதுங்கள். படித்துவிட்டுப் போயும் 930-ஐ ஒட்டித்தான் வந்தது என்றால் மறுதேர்வைத் துரத்திக்கொண்டு செமஸ்டரை விடாதீர்கள், உதவி வகுப்போடு சேர்ந்துவிடுங்கள்.

காரணம், முன்பெல்லாம் டெவலப்மென்டல் கணக்கு என்றால் இரண்டு மூன்று செமஸ்டர் படிக்கட்டு, ஒவ்வொன்றாக முடித்துத்தான் பட்டக் கணக்குக்குப் போக முடியும். 2017-இல் வந்த ஹவுஸ் பில் 2223 என்ற மாநிலச் சட்டத்துக்குப் பிறகு டெக்சஸில் அது மாறிவிட்டது. இப்போது பெரும்பாலானவர்களைக் கோரெக்விசிட் முறையில் சேர்க்கிறார்கள், அதாவது பட்டக் கணக்கையும் உதவி வகுப்பையும் ஒரே செமஸ்டரில் சேர்த்தே எடுப்பது. டயக்னாஸ்டிக்கில் மிகக் கீழ் நிலையில் வருபவர்களுக்கு மட்டும் அதற்கு முன் தனி அடிப்படை வகுப்பு இருக்கலாம். ஆகவே எல்லையைத் தொடாததால் ஒரு வருடம் போய்விடும் என்ற பழைய பயம் வேண்டாம், கூடுதலாக வாரத்துக்குச் சில மணி நேரம்தான்.

"எனக்குப் போய் ரெமிடியலா" என்று கௌரவம் பார்த்து நாலு முறை தேர்வு எழுதியவரை எனக்குத் தெரியும். அதற்குள் கூட வந்தவர்கள் புள்ளியியலையே முடித்துவிட்டார்கள்.

8. அட்வைசரைப் பார்ப்பதும் பதிவு செய்வதும்

மதிப்பெண் தாள், பழைய டிரான்ஸ்கிரிப்ட், முதல் படியில் எடுத்த பட்டத் திட்டம், மூன்றையும் கொண்டு போங்கள். டெக்சஸ் விதிப்படி தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சேர்க்கக் கூடாது, பள்ளி மதிப்பெண், முன்பு படித்த பாடங்கள், வேலை அனுபவம், குடும்பச் சூழ்நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அவர் பார்ப்பார். ஐந்து வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன், இரண்டு சின்னக் குழந்தைகள், இரவில்தான் படிக்க முடியும், இதெல்லாம் தயங்காமல் சொல்ல வேண்டிய விஷயங்கள்.

கோரெக்விசிட் வகுப்புகள் ஜோடியாக இருக்கும். 1342-இன் ஒரு செக்‌ஷனுக்கு 0342-இன் குறிப்பிட்ட செக்‌ஷன்தான் ஜோடி. ஒன்றை மட்டும் பதிவு செய்ய முயன்றால் கணினி தடுத்துவிடும். இந்த ஜோடி செக்‌ஷன்கள் சீக்கிரம் நிரம்பும், மாலை வகுப்பு என்றால் இன்னும் சீக்கிரம். பதிவு திறக்கும் நாளைக் குறித்து வையுங்கள்.

பணம் பற்றி. கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தைப் போட்டு மத்திய அரசின் உதவித்தொகை கேட்கலாம், எச்-4-இல் இருப்பவர்களுக்கு அது கிடையாது. உதவித்தொகை டெவலப்மென்டல் பாடங்களுக்கும் கிடைக்கும், ஆனால் மொத்தம் 30 செமஸ்டர் கிரெடிட் வரைதான். உங்கள் படிப்புத் திட்டத்தில் இல்லாத பாடத்துக்குக் கிடைக்காது, தேவையில்லாத 1314-ஐ எடுத்தால் அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். முதல் படியை ஏன் முதலில் வைத்தேன் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

9. முதல் மாதம்

உதவி வகுப்பு பட்டத்துக்குச் சேராது என்பதால் அதற்குப் போகாமல் விடுவது, இதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமான தப்பு. நாளைக்குப் பட்டக் கணக்கு வகுப்பில் வரப்போகும் விஷயத்துக்கான அடிப்படையை இன்றைக்கு உதவி வகுப்பில் சொல்வார்கள். அதை விட்டால் இரண்டு வகுப்பிலும் புரியாது.

வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கணக்குக்கு என்று ஒதுக்குங்கள், வகுப்பு நேரமும் சேர்த்துத்தான். வீட்டுப்பாடம் பெரும்பாலும் ஆன்லைனில். விடை சரியாக இருந்தும் 0.67 என்று போட்டதால் தப்பு என்று காட்டும், அது 2/3 என்று கேட்டிருக்கும். கேள்வியின் கடைசி வரியில் பின்னமாகவா, எத்தனை தசம இடம் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். ஆன்லைனில் போட்டாலும் நோட்டில் முழுசாக எழுதித் தேதி போட்டு வையுங்கள், உதவி மையத்துக்கு வரும்போது அந்த நோட்டு இல்லாமல் எங்களால் உங்கள் தப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. "எதுவுமே புரியல" என்று வருகிறவருக்கு உதவுவது கஷ்டம். "மூணாவது வரியில இந்தக் குறி எப்படி மாறிச்சு?" என்று வருகிறவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒரு தேதியை மட்டும் மறக்காதீர்கள். 16 வார செமஸ்டரில் 12-ஆவது வகுப்பு நாள்தான் அதிகாரப்பூர்வக் கணக்கெடுப்பு நாள். அதற்கு முன் விலகினால் பதிவில் ஒன்றும் நிற்காது. அதற்குப் பிறகு விலகினால் டபிள்யூ (விலகியதற்கான குறி) விழும், டெக்சஸ் அரசுக் காலேஜ்களில் பட்டப் படிப்பு முழுவதற்கும் ஆறு முறைதான் அப்படி விலகலாம் என்ற வரம்பு இருக்கிறது. ஒரே பாடத்தை மூன்றாவது முறை எடுத்தால் பல காலேஜ்களில் கட்டணமும் கூடும். அதுவும் ஜோடியில் ஒன்றை விட்டால் மற்றதும் போகும். அதனால் ஆறாவது வாரத்தில் மதிப்பெண் கவலையாக இருந்தால், விலகும் பட்டனைத் தட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் அவர் அலுவலக நேரத்தில் போய், மீதி இருக்கும் தேர்வுகளில் எவ்வளவு எடுத்தால் பாஸ் என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். சராசரியைத் தலைகீழாகப் போடும் அதே கணக்குத்தான்.

பட்டக் கணக்கில் பாஸ் ஆகிவிட்டால் டி.எஸ்.ஐ. கணக்குத் தேவையும் அதோடு நிறைவேறிவிடும், தனியாகத் தேர்வு எழுத வேண்டாம். ஆனால் காலேஜ் இணையதளத்தில் உங்கள் மாணவர் பக்கத்தில் டி.எஸ்.ஐ. ஹோல்டு (பதிவைத் தடுக்கும் குறி) தானாக நீங்கிவிட்டதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ் ஆகி மூன்று வாரம் கழித்தும் ஹோல்டு நிற்பது அபூர்வம் இல்லை, அது நின்றால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது. அட்வைசருக்கு மாணவர் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடுவார்.